வியாழக்கிழமை தீபன் வந்தான்

ஏழு மாதத்துக்கு முன்னால் கடலில் காணாமல் போன தீபன், போன வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குத் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் கேன்டீனில் நின்று, தனக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தான்.

அவனைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டர் மட்டும்தான் சாட்சி.

"ஆவி கரெக்டா டீ டைமுக்கு வந்துகீது சைமாக்கா," என்றான் லூயிஸ். "உசுரோட இருந்தப்போ அவ்ளோ கரெக்டா வந்தானான்னு கேளுங்க."

"லூயிஸ், வாய்க்கு ஒரு பூட்டு வாங்கு."

"வாங்கினேன். சாவி தொலைஞ்சிப் போச்சு."

சைமாவுக்கு நாற்பத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்தவள். இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டுவிட்டு, ராயபுரத்தில் வலைக்கயிறு விற்கும் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துத் துப்பறியும் தொழிலைத் தொடங்கியிருந்தாள். லூயிஸ் அவளுடைய உதவியாளன், டிரைவர், தலைவலி. முப்பத்தைந்து வயது. ஹார்பரின் எல்லா கேட்டிலும் அவனைத் தெரியும். சில கேட்டில் தெரிந்ததால்தான் உள்ளே விடமாட்டார்கள்.

யார்டு முதலாளி தேவப்பிரியம் நாற்காலியில் உட்காராமல் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே கிரேன் ஒன்று பெட்டியை இறக்கிய அதிர்வில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"தீபன் எங்க கிரேன் ஆபரேட்டர். காத்திவாக்கத்துப் பையன். பிப்ரவரியில ஒரு லீவு நாள்ல அண்ணன் போட்டுல கடலுக்குப் போனான். போட்டு கவுந்துடுச்சு. அண்ணன் நீந்தி வந்துட்டார். இவன் வரலை. உடம்பும் கிடைக்கலை."

"பதிவுல அவர் இன்னும் உங்க ஆளா?"

"ஆமா. அதனால குடும்பத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் ஓடிக்கிட்டு இருக்கு. ஏப்ரல்ல புது சாஃப்ட்வேர் போட்டோம். லீவு, மருத்துவம், குடும்ப விவரம், எல்லாம் அதுலதான். தொழிலாளியே தட்டிக்கலாம்னு கேன்டீன்ல ரெண்டு தொடுதிரை வெச்சோம். போன புதன்கிழமை தீபன் மனைவி மங்கைக்குக் குழந்தை பிறந்தது. எட்டு மாசக் குழந்தை. ராயபுரத்துல ஆஸ்பத்திரியில இன்குபேட்டர்ல இருக்கு. வியாழக்கிழமை தீபன் பேர்ல யாரோ உள்ள போய்க் குழந்தையைச் சேர்த்திருக்காங்க. அதை வெச்சுத்தான் இன்ஷூரன்ஸ்ல அனுமதி வந்தது."

"இப்ப என்ன சிக்கல்?"

"காணாமல் போனவர் எப்படி வந்து பதிவு பண்ணினார்னு அவங்க கேக்குறாங்க." தேவப்பிரியம் நின்றார். "தீபன் உயிரோட ஒளிஞ்சிருக்கானா? இல்லைன்னா திருட்டுத்தனமா உள்ள போனது யாரு? இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எழுத்துல பதில் வேணுமாம். இல்லேன்னா குழந்தைக்குக் குடுத்த அனுமதியை நிறுத்திடுவாங்க. குழந்தையை அந்த ஆஸ்பத்திரியில இருந்து மாத்தணும். மாத்துற நிலைமையில அது இல்லைன்னு டாக்டர் சொல்றார்."

சைமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பத்து.

"சாஃப்ட்வேர்க்காரர் யாரு?"

*

சுஹைப். முப்பத்திரண்டு வயது. சாஃப்ட்வேர் கம்பெனி இந்த யார்டுக்காக அனுப்பிவைத்த ஆள். ஆறு மாதமாக இங்கேயே ஒரு கண்ணாடி அறையில் குடியிருக்கிறான். மேஜையில் ஆறிப்போன டீ மூன்று கோப்பை. மேஜைக்கு அடியில் அவனுடைய வலது கால் தையல் மெஷினை மிதிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் அந்தப் பதிவைத் திறந்து காட்டினான். சைமா தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கேன்டீன், இரண்டாவது திரை. காலை 11.40. உள்ளே நுழைய அடித்த பிறந்த தேதி ஏப்ரல் 7. முதல் முயற்சியிலேயே கதவு திறந்தது. நிரப்பிய கட்டங்கள் பதினான்கு. எடுத்த நேரம் இரண்டு நிமிஷம் பத்து விநாடி.

"உள்ள போக என்ன வேணும்?"

"முதல் தடவைன்னா பணியாளர் எண்ணும் பிறந்த தேதியும் போதும் மேடம். அப்புறம்தான் பாஸ்வேர்டு வெச்சுக்கணும். இங்க நிறையப் பேர் வீட்டுல ஒரே போன். அதனால ஓ.டி.பி. வைக்கலை."

"தீபனுக்கு வியாழக்கிழமைதான் முதல் தடவையா?"

"ஆமா. அவர் காணாமல் போனப்புறம்தானே சாஃப்ட்வேரே வந்தது."

"கேமரா?"

"சாப்பிடற இடத்துல கேமரா வேண்டாம்னு தொழிலாளர்கள் சொல்லிட்டாங்க."

"நல்ல வேளை," என்றான் லூயிஸ். "ரெண்டாவது வடையை எடுக்கும்போது மானம் மிஞ்சும்."

சுஹைப் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

சைமா எழுந்தாள். "லூயிஸுக்கு ஒரு பொய்க் கணக்கு போட்டுக் கொடுங்க. அவனுக்கு ஒரு மகள் பிறந்திருக்கான்னு அவனே பதிவு பண்ணட்டும்."

"அக்கா! எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"அதனாலதான் பொய்க் கணக்கு."

*

கேன்டீனில் இரண்டாவது திரைக்கு முன்னால் லூயிஸ் நின்றான். ஐந்து நிமிஷத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். பத்தாவது நிமிஷம் ஒன்பது பேரும் யோசனை சொன்னார்கள். பதினைந்தாவது நிமிஷம் லூயிஸ், பிறக்காத மகளை 'மாமனார்' என்று பதிவு செய்துவிட்டு அதை அழிக்கத் தெரியாமல் நின்றான்.

"நீயாச்சும் உள்ள போய்ட்ட மாமு," என்றான் திலீப். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். "என்னிய வாசல்லயே துரத்துது. ஆறு தபா அடிச்சேன், பொறந்த தேதி தப்பு தப்புன்னுது. வூட்டுக்குப் போயி எங்கம்மாவாண்ட கேட்டேன், என்னிய எப்போம்மா பெத்தன்னு. சோத்துக் கரண்டியால அடிச்சாங்க."

"அப்புறம் லீவு எப்படி எழுதற?" என்று கேட்டாள் சைமா.

"புஷ்பம்மாவாண்ட பேப்பர்ல எழுதிக் குடுத்துடுவோம். இங்க பாதி பேரு அப்டித்தான். நமக்குக் கம்ப்யூட்டர் தெரியலையாம். மிஷினுக்காரரு சொல்றாரு."

கேன்டீன் சமையல்காரி ரமாபாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். சைமா அவளிடம் போனாள்.

"வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு மேல இந்தத் திரைகிட்ட யாரு நின்னாங்க?"

"புஷ்பம்மாதான் வந்தாங்க. மூஞ்சி செவசெவன்னு கீது. இன்னாம்மான்னேன், பேசாம போய்ட்டாங்க."

"வேற யாரும்?"

"மிஷினுக்காரரு தெனம் வந்து தொடச்சிகினு போவாரு. அத்த வுட்டா வேற யாரும் இல்ல."

லூயிஸ் கடைசியில் இருபத்தாறாவது நிமிஷம் வெற்றி பெற்றான். கேன்டீன் கைதட்டியது. சைமா தன் நோட்டில் இருபத்தாறு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இரண்டு நிமிஷம் பத்து விநாடி என்று எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டாள்.

"அக்கா, புஷ்பம்மான்றது யாரு?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

*

தங்கபுஷ்பம் பணியாளர் பிரிவு அதிகாரி. தூத்துக்குடியிலிருந்து வந்து முப்பத்தொரு வருஷமாக இதே யார்டில் வேலை. அவருடைய அறையில் நான்கு இரும்பு பீரோ. மேஜையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்கு மேல் அழகாகத் தைத்த துணி உறை. உறை மீது தூசி.

"திறக்கிறதே இல்லையா?" என்றாள் சைமா.

"எதுக்குத் திறக்கணும்? அந்த சாஃப்ட்வேர்த் தம்பி எனக்கு ஒரு கணக்கு குடுத்திருக்கானாம். நான் இன்னும் உள்ள போய்ப் பாக்கல. பாக்கவும் மாட்டேன்."

"அவ்வளவு கோபமா?"

தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏப்ரல்ல அந்தத் தம்பி என் பதிவேட்டைப் பாத்து எல்லாப் பேரையும் ஏத்திக்கிட்டு இருந்தான். தீபன் பேரு வந்தது. அதுல சிவப்பு மையில 'கடலில் காணவில்லை'ன்னு எழுதியிருக்கேன். அவன்கிட்ட நாலே நாலு வாசல்தான் இருக்கு. பணியில் இருக்கார், நீண்ட விடுப்பு, விலகினார், மரணம். எதைப் போடட்டும்னு கேக்கான். உடம்பு வராம மரணம்னு போட நான் யாரு? விலகினார்னு போட்டா முழுகாம இருந்த அந்தப் பிள்ளை மங்கைக்கு ஆஸ்பத்திரி கிடையாது. அஞ்சாவதா ஒண்ணு வையின்னு சொன்னேன். சாஃப்ட்வேர்ல இடம் இல்லேங்கான். கடைசியில நீண்ட விடுப்புன்னு போட்டான்." அவர் கண்ணாடியை முந்தானையில் துடைத்தார். "நல்ல விடுப்பு."

"வியாழக்கிழமை கேன்டீனுக்கு எதுக்குப் போனீங்க?"

"டீ குடிக்க."

"உங்களுக்கு டீ இங்கயே வருதே," என்றான் லூயிஸ், மேஜை மீதிருந்த பிளாஸ்க்கைக் காட்டி.

தங்கபுஷ்பம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

*

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றின் வாலை ஒன்று மோந்துகொண்டு நின்றன. லூயிஸின் ஸ்கூட்டர் இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டரை. சைமா கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்றில் டீசலும் கருவாடும் கலந்து வந்தன.

"புஷ்பம்மாதான் அக்கா," என்றான் லூயிஸ். "கோவம் கீது. பாசம் கீது. அந்த டைமுக்கு அங்க நின்னுகினும் இருந்தாங்க. கேஸ் ஓவர். ஒரு லெமன் சோடா?"

"கம்ப்யூட்டருக்கு உறை தைச்சுப் போட்டவங்க, பதினாலு கட்டத்தை ரெண்டு நிமிஷத்துல நிரப்பினாங்களா? நீ இருபத்தாறு நிமிஷம் எடுத்துக்கிட்ட."

"எனக்குப் பின்னால ஒன்பது பேரு கத்திகினு இருந்தானுங்க."

"பத்தாவது ஆள் நீதான்."

ராயபுரம் போய்ச் சேர ஒன்றே கால் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், பச்சிளங்குழந்தைகள் பிரிவின் கதவுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மங்கை உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. பிரசவமாகி ஆறாவது நாள். படுக்கச் சொன்னால் கேட்பதில்லை என்று நர்ஸ் புகார் சொன்னாள்.

சைமா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். யார்டிலிருந்து வருகிறோம் என்றதும் மங்கையின் முகம் முழுக்க மாறியது.

"அவரைப் பாத்தீங்களாக்கா?"

சைமா பதில் சொல்வதற்குள் மங்கை போனை நீட்டினாள். குறுஞ்செய்தி. வியாழன், 11.42.

'அன்புள்ள தீபன், நீங்கள் உங்கள் கணக்கில் வெற்றிகரமாக நுழைந்துள்ளீர்கள். குடும்பத்தில் புதிய உறுப்பினர் சேர்க்கப்பட்டார். வாழ்த்துகள்!'

"அவரு போன் கடலோட போச்சு. எமர்ஜென்சிக்கு என் நம்பரைக் குடுத்து வெச்சிருந்தாரு, அதுல வந்துது," என்றாள் மங்கை. "நான் முழுகாம இருந்ததே அவருக்குத் தெரியாதுக்கா. அவரு போயி பத்து நாள் கழிச்சித்தான் எனக்கே தெரிஞ்சிது. அப்போ கொழந்த பொறந்தது அவருக்கு எப்டித் தெரிஞ்சிது? யாரோ பாத்து சொல்லிகீறாங்க. எங்கியோ கீறாரு. நேரா வூட்டுக்கு வர முடியாம எதுலயோ மாட்டிகினு கீறாரு. குப்பத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

லூயிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"மங்கை, பதிவுக்காக ஒண்ணு கேக்கணும். தீபன் பிறந்த தேதி என்ன?"

"ஜூலை நாலு. அன்னிக்கு மட்டும் இன்னா ஆனாலும் கடலுக்குப் போவ மாட்டாரு. வூட்ல இருந்து அவரே கறி ஆக்குவாரு. உப்பு மட்டும் நான் போடணும்."

சைமாவின் பேனா நின்றது.

"ஜூலை நாலுதானா? ஸ்கூல் சர்டிபிகேட்ல வேற எதாவது..."

"எல்லாத்துலயும் அதேதான்க்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல." சைமா நோட்டை மூடினாள். மங்கையின் கையைப் பிடித்தாள். "சாயங்காலம் வர்றேன். நானே வந்து சொல்றேன்."

படிக்கட்டில் இறங்கும்போது லூயிஸ் கேட்டான். "இன்னாக்கா? மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஜூலை நாலை எழுதிப் பாரு. நாலு, ஏழு. அதையே மாத்திப் படி. ஏழு, நாலு. ஏப்ரல் ஏழு. பழைய பதிவேட்டுல இருந்து ஏத்தும்போது நாளும் மாசமும் இடம் மாறிடுச்சு. தீபன் விஷயத்துல சாஃப்ட்வேருக்குத் தெரிஞ்சது தப்புத் தேதி."

"இருக்கட்டும்."

"தீபன் உண்மையிலேயே வந்திருந்தா என்ன அடிச்சிருப்பார்?"

"ஜூலை நா..." லூயிஸ் பாதிப் படியில் நின்றான். "கதவு தொறந்திருக்காது. திலீப்பைத் துரத்தின மாதிரி துரத்திகீது."

"வியாழக்கிழமை வந்த ஆள் ஏப்ரல் ஏழுன்னு முதல் தடவையிலேயே அடிச்சிருக்கான். தப்பை ஒரே அடியில சரியா அடிச்சவன். தீபனைத் தெரிஞ்ச யாரும் அதைச் செஞ்சிருக்க முடியாது."

லூயிஸ் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். வழக்கமாக அந்த இடத்தில் அவனுக்கு ஒரு ஜோக் வரும். வரவில்லை.

"அப்போ அவன் வரல," என்றான்.

"வரல."

*

மூன்று நாற்பது. தேவப்பிரியத்தின் அறையில் சைமா, தங்கபுஷ்பம், சுஹைப் மூவரும் கூடினார்கள். லூயிஸ் கதவில் சாய்ந்து நின்றான். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

"தீபன் உயிரோட இருக்கானா?" என்றார் தேவப்பிரியம்.

"அது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை வந்தது அவர் இல்ல. அது மட்டும் தெரியும்."

"அப்ப யாரு?"

சைமா வாயைத் திறப்பதற்குள் தங்கபுஷ்பம் எழுந்துவிட்டார்.

"நான்தான்."

சுஹைப் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"நான்தான் செஞ்சேன் முதலாளி. முப்பத்தொரு வருஷம் உங்ககிட்ட உண்மையா இருந்தேன். இந்த ஒண்ணுல தவறிட்டேன். என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க. அந்தப் பச்சப்பிள்ளையை விட்டுடுங்க."

தேவப்பிரியம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சரி," என்றாள் சைமா அமைதியாக. "என்ன பிறந்த தேதி அடிச்சு உள்ள போனீங்க?"

"தீபன் பிறந்த தேதிதான். நாலு ஏழு தொண்ணூத்தி நாலு. இந்த யார்டுல எல்லாப் பிள்ளைகளோட தேதியும் எனக்கு மனப்பாடம்."

"அதனாலதான் அது நீங்க இல்ல."

சைமா தன் நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். "சாஃப்ட்வேர்ல தீபன் பிறந்தது ஏப்ரல் ஏழு. நீங்க சொன்ன தேதிக்கு அந்தக் கதவு திறக்காது. நீங்க சரியான தேதியைத் தெரிஞ்சவங்க. தீபனும் தெரிஞ்சவர். மங்கையும் தெரிஞ்சவ. தப்பான தேதியை மட்டுமே தெரிஞ்ச ஆள், தீபனை வாழ்நாள்ல பார்க்காம, திரையில மட்டும் பார்த்த ஆள். பதினாலு கட்டத்தை ரெண்டு நிமிஷத்துல நிரப்பத் தெரிஞ்ச ஆள். தினமும் அந்தத் திரைகிட்ட நிக்கிறதால யார் கண்ணுக்கும் படாத ஆள்."

அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. சுஹைபின் கால் ஆடுவது நின்றிருந்தது.

"தேதி மாறியிருக்கா?" என்றான் அவன். குற்றம் சுமத்தப்பட்டதைக்கூட அவன் கேட்டதாகத் தெரியவில்லை. "நாளும் மாசமும்? அப்ப... பன்னிரண்டாம் தேதிக்குள்ள பிறந்த எல்லாருக்குமே மாறியிருக்கும். பதிமூணுக்கு மேலன்னா அப்படி ஒரு மாசமே இல்ல, அதனால அதெல்லாம் தப்பிச்சிருக்கும்..." அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "நூறு பேருக்கு மேல. அஞ்சு மாசமா அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியலைன்னு சொல்லிட்டு இருந்தேன்."

"அவனுங்களும் அவங்கம்மாக்களை டவுட் பண்ணிகினு இருந்தானுங்க," என்றான் லூயிஸ்.

"ஏன்ப்பா செஞ்ச?" என்றார் தேவப்பிரியம்.

சுஹைப் தங்கபுஷ்பத்தைப் பார்த்தான். "மேடம் வியாழக்கிழமை காலையில மங்கை கையெழுத்து போட்ட விண்ணப்பத்தை எடுத்துட்டு வந்தாங்க. குழந்தையைச் சேர்க்கணும்னு. நான் முடியாதுன்னேன். தொழிலாளியே உள்ள வந்து சேர்த்தாத்தான் உண்டு, ஆபீஸ்ல இருந்து யாரும் அவருக்குப் பதிலா சேர்க்க முடியாதபடி நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன். அப்பத்தான் பாதுகாப்புன்னு நினைச்சேன். மேடம் கேட்டாங்க..."

"'அவன் கடலுக்குள்ள இருந்துக்கிட்டு தட்டுவானா'ன்னு கேட்டேன்," என்றார் தங்கபுஷ்பம். "கத்திட்டேன். அப்புறம் நானே அந்த மெஷினுக்கிட்ட போய் நின்னேன். எனக்கு எங்க தொடணும்னு தெரியல. திரும்பி வந்துட்டேன்."

"அவங்க போனப்புறம் நான் போனேன்," என்றான் சுஹைப். "உள்ளேருந்து மாத்தணும்னா எங்க ஹெட் ஆபீஸ் அனுமதி வேணும். நாலு நாள் ஆகும். குழந்தைக்கு நாலு நாள் இல்லைன்னு மேடம் சொன்னாங்க."

"இவன் செஞ்சதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் சைமா, தங்கபுஷ்பத்திடம்.

"சாயங்காலமே தெரிஞ்சுட்டு. என் மூஞ்சியைப் பாக்காம போனான். திருடுனவன் அப்படிப் போகமாட்டான். நல்லது செஞ்சுட்டுப் பயந்தவன்தான் அப்படிப் போவான்."

மணி நான்கு ஐந்து. சைமா கடிகாரத்தைப் பார்த்தாள். "அந்த விண்ணப்பம் எங்கே?"

தங்கபுஷ்பம் கைப்பையிலிருந்து எடுத்தார். மங்கையின் கையெழுத்து. அதற்குக் கீழே அலுவலக முத்திரை. வியாழன், காலை 11.20.

சைமாவின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு வெளிச்சம். "இதை ஏன் அம்மா ஒளிச்சு வெச்சீங்க? இதுதான் உங்க எல்லாரையும் காப்பாத்தப் போகுது. பதினெட்டு வருஷம் நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவ. அவங்க பார்க்கிறது மூணு விஷயம். குழந்தை தீபனோடதா? ஆமா. தீபன் பதிவுல இருக்காரா? இருக்கார். குழந்தையைச் சேர்க்கச் சொல்லி, சேர்க்கறதுக்கு முன்னாடியே முறையா விண்ணப்பம் வந்ததா? இருபது நிமிஷம் முன்னாடி வந்திருக்கு. குழந்தைக்கு உரிமை இருக்கு. நுழைஞ்ச கதவு மட்டும்தான் தப்பு. அதை மறைக்காம எழுதுங்க. யார் செஞ்சது, ஏன் செஞ்சது, அலுவலகம் ஏன் தானே செய்ய முடியலை, எல்லாம்."

"மறைக்காமலா?" தேவப்பிரியம் தயங்கினார்.

"மறைச்சா நாளைக்கு உங்க மத்த முந்நூறு பேர் மேலயும் அவங்களுக்குச் சந்தேகம் வரும்."

கடிதத்தைச் சைமா சொல்லச் சொல்லச் சுஹைப் தட்டினான். தன் பெயர் வந்த இடத்தில் ஒரு நொடி நின்று, எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினான். நான்கு முப்பத்தெட்டுக்கு விண்ணப்பத்தின் நகலோடு அனுப்பினார்கள். யாரும் எழுந்து போகவில்லை. தேவப்பிரியம் மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"இவனை என்ன பண்றது?" என்றார் ஜன்னல் பக்கம் பார்த்து. "கம்பெனிக்குப் புகார் எழுதி அனுப்பிட வேண்டியதுதான்."

"அனுப்பிட்டா நூறு பேரோட தேதியை யாரு திருத்துவா? நானா?" என்றார் தங்கபுஷ்பம். "நாளைக்குக் காலையில என் பதிவேட்டைத் தூக்கிட்டு இவன் பக்கத்துல உக்காருதேன். ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு, அவன் வரியை அவன் காதுல படிச்சுக் காட்டி, ஆமான்னு சொன்னப்புறம் ஏத்தட்டும். அதை ஏப்ரல்லயே செஞ்சிருக்கணும். பேப்பரும் மெஷினும் ஒரு ரெண்டு மாசம் சேந்தே ஓடட்டும், ரெண்டும் ஒத்துப்போன பிறகு பேப்பரை நிறுத்தலாம்."

"ஆபீஸ்ல இருந்து சேர்க்கிற வழியைத் திறந்துடறேன்," என்றான் சுஹைப். "யார் யாருக்காகச் செஞ்சாங்கன்னு பேர் விழற மாதிரி. ஆனா மேடம் உள்ள வந்து பழகணும்."

"உறையைக் கழட்டுதேன்," என்றார் தங்கபுஷ்பம், தோற்ற குரலில். "அஞ்சாவது வாசல்?"

"வைக்கிறேன். ஹெட் ஆபீஸ்ல சண்டை போட்டாவது வைக்கிறேன்."

"ஷிஃப்டுக்கு ஒரு ஆளுக்கு ஒழுங்கா கத்துக்குடு நைனா," என்றான் லூயிஸ். "அவன் மத்தவனுக்கு அவன் பாஷையில சொல்லுவான். ஒன்பது பேரு பின்னால நின்னு கத்தறதுக்கு ஒருத்தன் பக்கத்துல நின்னு சொல்றது மேலு. அனுபவத்துல சொல்றேன்."

நான்கு ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. தேவப்பிரியம் எடுத்தார். கேட்டார். இரண்டு தடவை "சரிங்க" என்றார். வைத்தார்.

"விசாரணை தொடருமாம். குழந்தைக்கு அனுமதி நிக்காதாம்."

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சைமா கைப்பையை எடுத்தாள்.

"இன்னும் ஒரு வேலை இருக்கு," என்றாள்.

"நானும் வர்றேன்," என்றான் சுஹைப்.

*

மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் பார்வையாளர் கூட்டம். மங்கை அதே நாற்காலியில்.

சைமா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "மங்கை, குழந்தைக்கு எந்தத் தடையும் இல்ல. எத்தனை நாள் வேணும்னாலும் இங்கயே இருக்கலாம். ஆனா வியாழக்கிழமை வந்தது தீபன் இல்ல."

மங்கை புரியாததுபோல் பார்த்தாள். பிறகு புரிந்தது. சைமாவின் தோளுக்கு மேல், பின்னால் நின்றவனைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா," என்றான் சுஹைப். தன்னைவிடச் சின்னவளை அக்கா என்றான். "குழந்தையைச் சேர்க்க வேற வழி தெரியலை. செய்தி தானா போகும்னு நினைவுல இல்ல. அது உங்களுக்கு வரும்னு யோசிக்கவே இல்ல."

மங்கை போனைத் திறந்தாள். அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்தாள். கடைசிச் சொல்லில் விரலை வைத்தாள்.

"நாலு நாளா நான் கண்ணை மூடல சார்," என்றாள். "இந்த மாடில எவன் செருப்பு சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து பாத்தேன்."

சுஹைப் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் பொண்ணு உள்ள மூச்சு வுட்டுகினு கீது. அத்துக்கு உன்ன கையெடுத்துக் கும்புடணும். அவரு வந்துட்டாருன்னு என்ன நம்ப வெச்ச. அத்துக்கு உன்ன செருப்பால அடிக்கணும். ரெண்டுல எத்த மொதல்ல செய்றதுன்னு எனக்குத் தெரியல."

லூயிஸ் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து நர்ஸ் கூப்பிட்டாள். "மங்கை! பால் குடுக்கற நேரம். வாம்மா."

மங்கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சைமா தாங்கப் போனாள், மங்கை வேண்டாமென்று தலையசைத்தாள். கதவுவரை நடந்து நின்றாள்.

"அவரு கணக்கை மூடிட்டியா?"

"இல்லக்கா," என்றான் சுஹைப்.

"மூடாத. நீயும் இனிமே அதுல கை வெக்காத."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மங்கை உள்ளே போனாள்.